சனிக்கிழமைத் தண்ணீர்

ஏப்ரல் 23, ஞாயிறு

குழாயைத் திறந்தேன். ஒரு இருமல், கொஞ்சம் காற்று. அவ்வளவுதான்.

தீவின் இந்த மூலையில் நான்கு வீடுகளுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. பாறைக்குள் எழுபத்தெட்டு மீட்டர். உள்ளே தொங்கும் நீர்மூழ்கி மோட்டார் இருபத்திரண்டு வருடமாக யாருடைய நினைப்பிலும் இல்லாமல் ஓடியது. இன்று செத்தபிறகு எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

போர்யே கொட்டகைக்குள் போய் பிரேக்கரை மூன்று முறை ஏற்றினார். மூன்று முறையும் விழுந்தது. பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டும் படகில் முப்பது வருடம் கேப்டன். இப்போது எங்கள் கிணற்றுச் சங்கத்தின் தலைவர். நான்கு வீட்டுக்கு ஒரு சங்கம், ஒரு தலைவர், ஒரு தீர்மானப் புத்தகம்.

"தண்ணி இருக்கு. மோட்டார்தான் போச்சு."

"அப்போ என் காப்பி?" என்றார் பக்கத்து வீட்டு குன்னெவி, காலிக் கெண்டியோடு நின்றபடி.

எனக்குக் காப்பி கவலையில்லை. மூன்று வாரத்தில் நானூறு ஸ்ட்ராபெரி நாற்று வருகிறது. பல்கலைக்கழகத்தை விட்டு வந்ததற்கு நான் காட்டக்கூடிய ஒரே காரணம் அது. ஆய்வேடு கணினியில் 'இறுதி-7' என்ற பெயரில் கிடக்கிறது. எட்டு இருக்காது.

ஏப்ரல் 26, புதன்

தால்க்கோ, ஊர் கூடிச் செய்யும் வேலை. கூலி கிடையாது, எல்லோரும் வர வேண்டும். வராதவர் பெயர் பத்து வருடம் பேசப்படும்.

மோட்டார் மெக்கானிக் சிக்ஸ்டன் பக்கத்துத் தீவிலிருந்து புது மோட்டாரோடு படகில் வந்தான். கிணற்று மூடியைக் கழற்றினான். கறுப்புக் குழாய் மேலே வரத் தொடங்கியது. அது மடியக் கூடாது, மடிந்தால் வீண். அதனால் வர வரத் தோளில் வாங்கிக்கொண்டு புல்வெளியில் நேராக நடக்க வேண்டும். முன்னால் போர்யே, பின்னால் நான், எனக்குப் பின்னால் குன்னெவி, கடைசியில் அதற்காகவே டுர்க்கு நகரிலிருந்து வந்த நாலாவது வீட்டு பெட்ரா லிண்ட்ரூஸ். சவ ஊர்வலம் மாதிரி இருந்தது. சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். குன்னெவி சிரித்துவிட்டார். நாற்பது மீட்டர் நடந்தபோது மோட்டார் வெளியே வந்தது. ஆரஞ்சு நிறச் சேறு பூசிய, கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு உருளை. இத்தனை நாள் குடித்தது இதன் வழியாகவா?

பிறகு சிக்ஸ்டன் கேட்டான்: "புதுசையும் பழைய ஆழத்துலயே விடட்டுமா? நாப்பது?"

"அறுபத்தஞ்சு," என்றேன்.

கணக்கு வைத்திருந்தேன். துளையின் ஒவ்வொரு மீட்டரிலும் பதினைந்து லிட்டர் நிற்கிறது. இருபத்தைந்து மீட்டர் கூடுதலாக இறங்கினால் முந்நூற்றெழுபத்தைந்து லிட்டர் கையிருப்பு. தாளில் போட்டுக் காட்டினேன். போன ஜூலையில் மோட்டார் காற்றை இழுத்தது எல்லோருக்கும் நினைவிருந்தது.

சிக்ஸ்டன் கடலைப் பார்த்தான். கிணற்றிலிருந்து அறுபது காலடி தூரம். "பக்கத்துலதான் இருக்கு," என்றான்.

"கிணறு பாறைக்குள்ள இருக்கு," என்றேன்.

"உங்க கிணறு," என்று தோளைக் குலுக்கினான்.

"படிச்ச பொண்ணு சொல்லுது. இறக்குப்பா," என்றார் போர்யே.

இறக்கினோம். இரண்டு மீட்டருக்கு ஒரு முறை கேபிளைக் குழாயோடு சேர்த்து டேப் சுற்றியது நான். நன்றாகத்தான் சுற்றினேன்.

ஏப்ரல் 28

கிணற்றைச் சுத்தம் செய்ய ஊற்றிய குளோரின் வாடை போய்விட்டது. கண்ணாடி மாதிரி தண்ணீர்.

மே 13, சனி

நானூறும் நட்டாயிற்று. முதுகு இல்லை. மாலை விறகு மூட்டிய சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில் கிடந்தபோது நாளை என்ற சொல்லே அழகாகத் தெரிந்தது.

மே 21, ஞாயிறு

குன்னெவி வாசலில், கையில் காப்பிக் கோப்பை.

"குடிச்சுப் பாரு, டூவா."

குடித்தேன். உப்பு. நாக்கின் ஓரத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 24

இலை ஓரங்கள் பழுப்பு. நெருப்பில் காட்டி எடுத்த காகிதம் போல.

மே 30, செவ்வாய்

கப்பலில் மீட்டர் வந்தது. பேனா அளவுதான், தண்ணீரில் முக்கினால் உப்புக்கு ஏற்ப எண் ஏறும். எழுநூறுக்குள் நல்ல தண்ணீர். ஆயிரத்து இருநூறு தாண்டினால் நாக்கே சொல்லிவிடும்.

எங்கள் குழாய்: 1340.

தினமும் காலையில் அளப்பேன். கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். எல்லோரும் பார்க்கட்டும். ஒளிக்க ஆரம்பித்தால் பிறகு நிறுத்த முடியாது.

ஜூன் 4, ஞாயிறு

1910.

ஜூன் 7, புதன்

1180. தானாகச் சரியாகிறதா?

ஜூன் 11, ஞாயிறு

1940. இல்லை.

ஜூன் 12

நாள் முழுக்கப் படித்தேன். ஆய்வேட்டுக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. சிறு தீவின் அடியில் மழைத்தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. மேலிருந்து மெதுவாக எடுத்தால் மிதந்துகொண்டே இருக்கும். கீழிருந்து வேகமாக உறிஞ்சினால் உப்பு மேலே ஏறி வரும்.

கீழிருந்து.

அறுபத்தைந்து. அது என் எண். யாரும் கேட்காமல் நான் கொடுத்தது. சிக்ஸ்டன் கடலைப் பார்த்தான், நான் தாளைப் பார்த்தேன்.

சொட்டுநீரை நிறுத்திவிட்டேன். கூரைத் தண்ணீரைக் கேனில் சுமந்து ஊற்றுகிறேன். ஒரு செடிக்கு ஒரு குவளை. எழுபது செடி ஏற்கெனவே போய்விட்டது.

ஆனால் ஞாயிறு ஏன்?

ஜூன் 17, சனி

மாலை ஐந்துக்குப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தேன். போர்யேயின் சவுனாப் புகைபோக்கி. பிறகு குன்னெவி. பிறகு லிண்ட்ரூஸ் வீடு. அங்கே முற்றத்து மரக் குளியல்தொட்டிக்குள் ரப்பர் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். நாலாவது புகை என்னுடையது, வரும் முன் நானே பற்ற வைத்தது.

எல்லோரும் ஒரே நாள், ஒரே மணி. குளியல், வாரத் துணி, தரை கழுவல். மூன்று மணி நேரத்தில் கிணற்றை அடிவரை உறிஞ்சுகிறோம். உப்பு ஏறுகிறது. ஞாயிறு காலை அதில் காப்பி போட்டு, யார் தப்பு என்று பேசுகிறோம்.

வெள்ளி வேறு வீடு, செவ்வாய் வேறு வீடு என்று குளிக்க இங்கே யாருக்கும் தோன்றியதே இல்லை. எனக்கும்தான்.

ஜூன் 23, வெள்ளி

சங்கக் கூட்டம் எப்போதும் நடுக்கோடை விழாவன்று, கம்பம் நடும் முன். குன்னெவி முற்றத்தில் ஹெர்ரிங் மீன், புது உருளைக்கிழங்கு. கிழங்குக்கு யாரும் உப்பு போடவில்லை; போர்யே அதைச் சொல்லிக் காட்டினார்.

பிறகு புத்தகத்தைத் திறந்தார்: ஸ்ட்ராபெரி வயலைக் கிணற்றிலிருந்து துண்டிப்பது.

"செடி வந்துச்சு, உப்பு வந்துச்சு," என்றார். "கணக்கு எனக்கும் தெரியும்."

"எங்க தொட்டியில சுறா வளர்க்கலாம் போல," என்றார் பெட்ரா.

எழுந்து நின்றேன். கையிலிருந்த கணக்குத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"ஆழம் என்னோட தப்பு. நான்தான் அறுபத்தஞ்சுன்னு சொன்னேன். குன்னெவி காப்பி கொண்டுவந்தப்போ எனக்கும் கரிச்சுது. தெரியலன்னு பொய் சொன்னேன்."

குன்னெவி தட்டிலிருந்து நிமிரவில்லை. "தெரியும் எனக்கு. உன் மூஞ்சி கோணிச்சே."

மோட்டாரை இருபத்தெட்டு மீட்டருக்குத் தூக்குவோம் என்றேன். வால்வைத் திருகி வேகத்தைக் குறைப்போம். வயலுக்கு ஆகஸ்ட் வரை சொட்டுத் தண்ணீர் வேண்டாம். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு: சவுனாவுக்கு வீட்டுக்கு ஒரு நாள்.

தூரத்தில் யாரோ அக்கார்டியன் சுருதி பார்த்தார்கள்.

"அம்பத்திரண்டு வருஷமா சனிக்கிழமை அஞ்சு மணி," என்றார் போர்யே. "புயல் அன்னிக்கும். என் கல்யாணத்தன்னிக்கும்."

"பொண்ணு வீட்டார் காத்துக்கிட்டு இருந்தாங்க," என்றார் குன்னெவி.

தீர்மானம்: மோட்டாரைத் தூக்கலாம். ஜூலை கடைசி ஞாயிறு காலை பலகையில் ஆயிரத்துக்குக் கீழே எண் வந்தால் வயல் கிணற்றோடு இருக்கும். வராவிட்டால் துண்டிப்பு. சனிக்கிழமை பற்றிப் புத்தகத்தில் ஒரு சொல்லும் எழுதப்படவில்லை.

துண்டித்தால் அடுத்த வருடம் செடி இல்லை. செடி இல்லாமல் இங்கே எனக்கு என்ன வேலை? டுர்க்கு, இறுதி-8.

முடியாது.

ஜூலை 1, சனி

மறுபடி ஊர்வலம், முப்பத்தேழு மீட்டர் மட்டும். சிக்ஸ்டன் குழாயை வெட்டி, தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வை மாற்றி, கேபிளைச் சேர்த்தான். மட்டம் இறங்கினால் மோட்டார் தானே நிற்கும்படி ஒரு காவல் கருவியும் வைத்தான்.

"போன தடவையே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னேனே. கடல் பக்கத்துல இருக்குன்னு."

அதைவிட நீளமாக இங்கே யாரும் எச்சரிப்பதில்லை. ஏழு வருடம் நூலகத்தில் இருந்துவிட்டு நான்தான் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க மறந்துவிட்டேன்.

என் சவுனா இனி செவ்வாய்.

ஜூலை 9, ஞாயிறு

1320. குறைகிறது. போதாது.

ஜூலை 11, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை சவுனா. தனியாக, தப்பு செய்கிறவள் போல. அஞ்சல் படகுக்காரர் புகையைப் பார்த்துத் தீயணைப்புக்குச் சொல்லலாமா என்று யோசித்தாராம்.

ஜூலை 13, வியாழன்

குன்னெவி வீட்டில் புகை!

"வெள்ளிக்கிழமை டிவியில என் தொடர். திங்கள் மீன் வேலை. மிச்சம் இதுதான்," என்றார். நான் காரணம் கேட்கும் முன்பே.

ஜூலை 16, ஞாயிறு

1210.

லிண்ட்ரூஸ் குடும்பம் வெள்ளிக் கப்பலில் வந்து ஞாயிறு போகிறவர்கள். சனியை விட்டால் நாள் இல்லை. ஆனாலும் தொட்டியைக் கடல்நீரால் நிரப்பச் சம்மதித்தார்கள். "சுறாவுக்கு அதுதான் வசதி," என்றார் பெட்ரா. இனி சனிக்கிழமைக்கு இரண்டே வீடு. ஒன்று நகர முடியாதது. மற்றது நகராதது.

ஜூலை 18, செவ்வாய்

போர்யேயின் படகுத்துறைக்குப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை காலியா இருக்கு," என்றேன்.

"புதன்கிழமை குளிச்சுட்டு? வாரத்துக்கு நடுவுல சுத்தமா நின்னு என்ன பண்றது?"

"ஒரு தடவை பாருங்களேன்."

"முன்னூறு மீட்டர் நீளக் கப்பலப் பாறை நடுவுல கூட்டிட்டுப் போனவன் நான். எப்பக் குளிக்கணும்னு நீ சொல்றியா, பொண்ணே?"

நான் எங்கிருந்து அதை எடுத்தேன் என்று தெரியவில்லை: "அந்தக் கேப்டனெல்லாம் உங்க பேச்சக் கேட்டாங்கல்ல? அவங்களுக்கு இந்தக் கடல் பழக்கமில்ல, உங்களுக்குப் பழக்கம். ஆழத்துல தப்பு பண்ணது நான். ஒத்துக்கிட்டேன். சனிக்கிழமைத் தப்பு உங்களோடது, போர்யே."

வலையிலிருந்து ஒரு பாசிக் கொத்தை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். அதிகம் பேசிவிட்டேனா? ஆமாம். திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

ஜூலை 20

முந்நூற்றுப் பதினோரு செடி உயிரோடு. எண்ணினேன். சிலவற்றில் நடுவில் சுருண்ட புது இலை, ஓரம் பச்சை.

ஜூலை 23, ஞாயிறு

1150. நேற்று மாலை இரண்டு புகை.

இன்னும் ஒரு ஞாயிறுதான். நூற்றைம்பது எண். பலகை முன்னால் நின்று, மீட்டரை வெறும் மழைத்தண்ணீரில் முக்கி எழுதினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதினால் செய்ய மாட்டேன்.

மீட்டரைக் கொட்டகை ஆணியில் தொங்கவிட்டுவிட்டேன். யார் வேண்டுமானாலும் அளக்கட்டும்.

ஜூலை 26, புதன்

ஐந்து மணி. களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிர்ச் விறகின் வாசனை.

குன்னெவி வேலியோரம் ஓடி வந்தார், அறுபத்தெட்டு வயதில். "பாத்தியா? பாத்தியா?"

போர்யேயின் புகைபோக்கி. நேராக, காற்றில்லாமல், வெள்ளையாக.

"முதுகு வலியாம்," என்றார் குன்னெவி. "சூடு வேணுமாம். புதன்கிழமையாப் பாத்து வலிக்குது அந்த முதுகு."

நான் போகவில்லை. கை காட்டவும் இல்லை. குனிந்து களை பிடுங்கினேன். பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் அடுத்த வாரம் முதுகு சரியாகிவிடும்.

ஜூலை 29, சனி

ஒரே ஒரு புகை.

ஜூலை 30, ஞாயிறு

ஆறரைக்குக் கொட்டகைக்குப் போனேன். மோட்டார் அடியில் எங்கோ, கேட்காத அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிரஷர் டேங்க் முள் அசையாமல் நின்றது.

பலகையில் இன்றைய வரி ஏற்கெனவே இருந்தது. என் கையெழுத்து இல்லை. கப்பல் குறிப்பேடு எழுதிப் பழகிய போர்யேயின் பெரிய, சாயாத எழுத்து:

ஞாயிறு. 06.10. காற்று தென்மேற்கு, நான்கு. பார்வை நன்று. 940.

மீட்டரை எடுத்து நானும் அளந்தேன். 936. அவர் எண்ணை மாற்றவில்லை. சுண்ணக்கட்டி எப்போதும் நான் வைக்கும் இடத்தில் இல்லை. ஒரு கை கூடுதல் உயரத்தில், அவருக்கு எட்டும் அலமாரியில் இருந்தது. அங்கேயே விட்டுவிட்டேன்.