ஞாயிறு ஒன்பது மணித் திரி

அக்டோபர் 2, திங்கள்

நேற்றும் தோற்றோம். வரிசையாக மூன்று. டிட்மர் எறிந்த பந்தில் மூன்றை எதிராளிகள் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தேழு வயது ஆளை இன்னும் குவார்ட்டர்பேக்காக நிறுத்திவைத்தால் வேறென்ன நடக்கும். பந்தை எறிவதுதான் அவர் வேலை, தோள் ஒத்துழைக்கவில்லை. ஓக்லி என்கிற இருபத்துமூன்று வயதுப் பையனை இறக்குங்கள் என்று ஆகஸ்டிலேயே எழுதினேன். யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

காலை ஷிஃப்ட் முடித்துப் பஸ்ஸைக் கொட்டகையில் விட்டு வருவதற்குள் டூகன் போன். எங்கள் டீமுக்கான அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர் தளமான 'நாலாவது டவுன்' நடத்துபவன், பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"எர்வின், தப்பா எடுத்துக்காதே. எல்லாரும் கேக்கறாங்க. இந்த வாரம் திரியக் கை மாத்திப் பாக்கலாமே."

மேட்ச் நாள் திரி என்றால் தளத்தில் அன்றைய ஆட்டத்துக்கான பேச்சுப் பக்கம். ஞாயிறு காலை சரியாக ஒன்பதுக்குத் திறக்க வேண்டும். மேலே திறப்பவரின் நாலு பாரா, அதற்குக் கீழே நானூறு பேர் மாலைவரை கத்துவார்கள். பதினோரு வருஷமாகத் திறப்பது 'பஸ் 12' என்கிற நான். விதியும் நான் போட்டதுதான்: ஜெயித்தால் அடுத்த வாரமும் அதே கை, தோற்றால் மாற்றலாம். இத்தனை வருஷத் தோல்வியில் ஒருவருக்கும் கை மாற்றத் தோன்றவில்லை. என்னை விட்டால் எழுத ஆளில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஆள் இருக்கிறது. ஜூனில் 'ஐந்தாம் மாடி' என்ற புனைபெயரில் தளத்தில் சேர்ந்தவள். எலிரியா ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாம். மார்வா என்று பெயர்.

"தாராளமா குடுங்க" என்றேன். சொல்லும்போது சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஜெயித்தோம். டிட்மருக்குத் தோள்வலி, ஓக்லி இறங்கினான், பதினேழு பாயிண்ட் வித்தியாசம். மார்வா திறந்த திரியின் கீழே நூறு பேர் எழுதியிருக்கிறார்கள்: ராசியான கை. ராசியான கை. அப்போ என் கை?

அக்டோபர் 10, செவ்வாய்

அவள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நாலாவது தடவை. அப்படி என்னதான் இருக்கிறது? முதல் வரி எப்போதும் ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து தெரிகிற ஏரி. அப்புறம் படுக்கையிலிருக்கும் யாராவது ஒரு நோயாளி டீமைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சு. பெயர் சொல்ல மாட்டாள். கடைசியில் கட்டாயம் ஒரு கேள்வி. தந்திரம்! கேள்வி கேட்டால் எவனும் பதில் எழுதத்தானே செய்வான்.

நன்றாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஜெயித்தோம். நூற்று எழுபது லைக். என் வாழ்நாள் உச்சம் நூற்று நாற்பது.

அக்டோபர் 19, வியாழன்

இன்று ஒரு கேவலமான காரியம் செய்தேன். டிட்மருக்குத் தோள் சரியாகிவிட்டதாம். அடுத்து யாரை இறக்குவது என்று தளத்தில் அடிதடி. ஓக்லிதான் என்று அவள் எழுதியிருந்தாள். ஆகஸ்டில் நான் சொன்ன அதே காரணங்கள், அதே வரிசை. உடனே கீழே போய், அனுபவத்துக்கு மரியாதை வேண்டும், டிட்மர்தான் என்று நாற்பது வரி எழுதினேன். ஒரு வரியையும் நான் நம்பவில்லை. அவள் டிட்மர் என்று சொல்லியிருந்தால் ஓக்லி என்றிருப்பேன்.

எனக்கு அறுபத்தொரு வயது.

அக்டோபர் 22, ஞாயிறு

மூன்றாவது வெற்றி.

அக்டோபர் 30, திங்கள்

நேற்று நாலாவது வெற்றி. ஆனால் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. தேசிய கீதம் பாடும்போது ஓக்லி மண்டியிட்டான். அவன் ஊரில் போலீஸ் சுட்டு ஒரு பெண் செத்துப்போனாள், அவளுக்காக என்று பிறகு சொன்னான்.

தளம் பற்றி எரிகிறது. அரசியல் பேசுகிறவர்களையெல்லாம் டூகன் 'கராஜ்' என்ற தனி அறைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறான், அவர்கள் மறுபடி வெளியே வருகிறார்கள். "பந்து எறியத்தான் சம்பளம், பிரசங்கம் பண்ண இல்ல" என்று ஆரம்பித்தது கழுகு76 என்கிற ஆள். "உங்க தாத்தா ஸ்டீல் மில் வாசல்ல ஸ்ட்ரைக் பண்ணப்ப அவருக்கு இரும்பு உருக்கத்தான் சம்பளம். அவரும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணுமா?" என்று மார்வா கேட்டாள். முந்நூறு லைக்.

கேட்க வேண்டிய கேள்வி. மனைவி நிடியாவிடம் நேற்று சாப்பிடும்போது நானே கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன். ஆனால் தளத்தில் என்ன எழுதினேன்? "டீமைப் பிரிக்கிறவன் தலைவன் ஆக முடியாது." எழுதிய ஒரு நிமிஷத்தில் ஒரு லைக் விழுந்தது. கழுகு76. பத்து வருஷமாக நான் சண்டை போடும் ஆள். "கடைசியில புத்தி வந்துச்சா பஸ்ஸு, வா வா" என்று கீழே எழுதியிருக்கிறான்.

குளித்துவிட்டு வந்தேன். அந்த அசிங்கம் போகவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

ஐந்து. தோற்றால்தான் திரி என் கைக்கு வரும். டீம் தோற்கவே மாட்டேன் என்கிறது. இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து வருஷம் தோற்கிற டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் எழுதுகிற வாக்கியமா இது?

நவம்பர் 12, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது கால்பகுதி. ஓக்லி நீளமாக எறிந்தான். எதிராளி குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டு ஓடினான். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். "ஆமா! அப்படிப் போடு!" என்று கத்தியும் இருக்கிறேன்.

நிடியா இறைச்சி அடைத்துப் பொரித்த பாஸ்டெலியோத் தட்டோடு வாசற்படியில் நின்றாள்.

"எர்வின், அது நம்ம பந்துதானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குக் கை தட்டின?"

அவள் அப்பா இந்த டீமின் பழைய சட்டையோடுதான் புதைக்கப்பட்டார். தட்டைக் கீழே வைக்காமல் சமையலறைக்கே எடுத்துப் போய்விட்டாள்.

பிறகு ஓக்லி சமாளித்துவிட்டான். ஆறு. எனக்குச் சந்தோஷம் வந்ததா? வரவில்லை. எனக்கு என்னடா ஆச்சு?

நவம்பர் 16, வியாழன்

மார்வாவிடமிருந்து தனிச் செய்தி. இதுவரை நாங்கள் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வணக்கம் பஸ் 12. ஞாயித்துக்கிழமை எனக்குப் பகல் ஷிஃப்ட் போட்டுட்டாங்க. காலைல ஏழு மணிக்கு செல்ஃபோன லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டா சாயங்காலம்தான் கைக்கு வரும். ஒன்பதுக்குத் திரி திறக்க முடியாது. வேற யாராவது திறந்தா ராசி போச்சுன்னு ஊரே அழும். என் பேர்லயே நீங்க திறக்கறீங்களா? பாஸ்வேர்டு கீழ இருக்கு. டூகன்கிட்ட சொன்னா அரை மணில எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நீங்கதான் என்னை ஒருநாளும் பாராட்டினதில்ல. அதனால வாயை மூடிக்கிட்டு இருப்பீங்கன்னு நம்பறேன்."

கீழே சிரிப்புப் பொம்மை ஒன்று. அதைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் கோபம் வந்தது. பாராட்டாததைக் கவனித்திருக்கிறாள்!

நவம்பர் 18, சனி

ஒன்றும் செய்ய வேண்டாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். ஒன்பது தாண்டினால் ராசி போச்சு என்று டீம் ஜெயித்தாலும் அவளை விட மாட்டார்கள். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, யாருக்கும் தெரியாது.

பதில் மட்டும் போட்டேன்: "சரி."

நவம்பர் 19, ஞாயிறு

மறந்துபோவதாக இருந்தவன் ஏழு மணிக்கே உட்கார்ந்தேன். அவளை மாதிரி எழுதுவது சுலபம் என்று கண்டுபிடித்தேன். பொறாமையோடு படித்தவன் மாதிரி வேறு யார் அவளைப் படித்திருப்பார்கள்? எங்கே கால்புள்ளி வைப்பாள் என்றுகூட எனக்குத் தெரியும்.

முதலில் ஏரி. சாம்பல் நிறம், கரையில் முதல் பனி. அப்புறம் நோயாளி. அங்கே மாட்டிக்கொண்டேன். இல்லாத ஆளை எப்படி எழுதுவது? ஒரே ஒருவர்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பித்தப்பை எடுத்தபோது பக்கத்துப் படுக்கையில் இருந்த கிழவர். கண் தெரியாது. ஞாயிறு டீவியில் ஆட்டம், அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப எறிஞ்சுட்டான், இப்ப விழுந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாம் படுதோல்வி. அவளோ ஜெயித்துவிட்டோம் என்றாள். கிழவர் சிரித்தார். "முப்பது வருஷமா இவ சொல்ற ஆட்டத்துல நாம தோத்ததே இல்ல" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

இந்தக் கதையை இரண்டு வருஷமாகப் பொத்தி வைத்திருந்தேன். ஒரு பெரிய ஆட்டத்தன்று, என் பெயரில், என் திரியில் போடுவதற்காக.

போட்டுவிட்டேன்.

ஓக்லியைப் பற்றியும் எழுதினேன், ஆகஸ்டில் நினைத்தது, அக்டோபரில் நினைத்தது எல்லாம். மண்டியிட்டவன் எழுந்து வந்து நமக்காக அடிவாங்குகிறான், அவனை வேறெப்படி அளப்பீர்கள் என்று கேட்டு முடித்தேன். என் பெயரில் சொல்ல முடியாமல் போனதை அவள் பெயரில் சொன்னேன்.

ஒன்பது மணி. அழுத்தினேன்.

ஏழாவது வெற்றி.

நவம்பர் 20, திங்கள்

நானூற்றுப் பன்னிரண்டு லைக். தளத்தின் வரலாற்றிலேயே இல்லாதது. "அழுதுட்டேன்" என்று டூகன். கழுகு76 கூட: "ஓக்லி விஷயத்துல உன்னோட ஒத்துப்போக மாட்டேன். ஆனா அந்தக் கிழவரு... போம்மா." ஒருவன் எழுதியிருக்கிறான்: "பஸ்ஸு, இதப் பாத்துக் கத்துக்கோ. இப்படித்தான் எழுதணும்."

பஸ் ஓட்டும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள்மேல் மறுபடி பொறாமை வந்தது. நானே எழுதியதற்காக! தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பின்சீட்டில் ஏதோ கிசுகிசுப்பு.

நவம்பர் 21, செவ்வாய்

மார்வா: "நேத்து ராத்திரி முழுக்க படிச்சேன். இத என் பேர்ல வெச்சுக்க எனக்கு வெக்கமா இருக்கு. எழுதினது நீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். திறந்து ஜெயிச்சது உங்க கை. விதிப்படி திரி இனிமே உங்களோடது."

ஏழு வாரம் இந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். டீம் தோற்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். தோற்காமலேயே கைக்கு வந்திருக்கிறது.

யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது: "பைத்தியமா உனக்கு? ஏழு ஜெயிச்சிருக்கோம். எதையும் தொடாதே!"

அனுப்பியபிறகுதான் கவனித்தேன். "ஜெயிச்சிருக்கோம்" என்று, அவளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 24, வெள்ளி

நேற்றைய நன்றி நாள் விருந்தில் மிச்சமான வான்கோழி. டிட்மரைப் பற்றியும் ஓக்லியைப் பற்றியும் எழுதியது தப்பு, வேறு கோபத்தில் எழுதினேன் என்று தளத்தில் இரண்டு வரி போட்டேன். கழுகு76 லைக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டான். நிம்மதி.

நவம்பர் 26, ஞாயிறு

ஒன்பது மணிக்கு அவள் திறந்தாள். ஏரி, ஒரு நோயாளி, ஒரு கேள்வி. நன்றாக இருந்தது. போன வார அளவுக்கு இல்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும். முதல் லைக் என்னுடையது. அவளுக்கு நான் போட்ட முதல் லைக்கும் அதுதான்.

இரண்டாவது கால்பகுதியில் ஓக்லி எறிந்த பந்தை எதிராளி பிடித்துக்கொண்டான். வீடே அதிரக் கத்தினேன்.

சமையலறையிலிருந்து நிடியா: "இப்ப எந்தப் பக்கம் கத்தற?"

"நம்ம பக்கம்!"

அவள் பாஸ்டெலியோத் தட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.