உனக்கென்று ஒரு கோப்பை

நீலப்பூப் போட்ட உன் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளை சனிக்கிழமை. ஹட்டனில், வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். பாடம், பண்பாட்டின் வகைகள். அந்தப் பட்டத்துக்குப் படித்தபோது நீயும் நானும் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட அதே பாடம். குறிப்பு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கோப்பையைப் பார்த்ததும் உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது, எனக்குக் குழப்பம் மட்டும் தீரவில்லை.

ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் வாத்தியார்கள். ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்த குடையை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வருவாய். அம்மா உடனே அடுப்பைப் பற்ற வைப்பார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே நீ தேத்தண்ணி குடிப்பாய். ஒரு கொப்பியின் நடுவில் கோடு போட்டுப் பாடத்தைப் பங்கு பிரித்திருந்தோம். கண்ணுக்குத் தெரிகிற பொருள்சார் பண்பாடு என் பக்கம். நம்பிக்கை, வழக்கம், மதிப்பு என்று பொருள்சாராதது எல்லாம் உன் பக்கம்.

"ஒனக்குச் சொகமான பாதி மச்சான். கொழுந்து பறிக்கிற கூட, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தின்னு பாத்துப் பாத்து எழுதிட்டுப் போயிருவ. நான்ல கெடந்து முழிக்கிறேன்" என்பாய்.

இலட்சியப் பண்பாடு, நடைமுறைப் பண்பாடு என்று ஒரு பகுதி வந்தபோது நீ விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது. "சொல்றது ஒன்னு, செய்யிறது ஒன்னு. இத தெரிஞ்சிக்க எதுக்குடா பட்டம்?"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

புறப்படும்போது உன் கோப்பையை நீயே கழுவி, ஜன்னல் கட்டையில் கவிழ்த்துவிட்டுத்தான் போவாய். "எங்க வீட்டுல ஆளில்லையாடா?" என்று கேலி செய்வேன். "பொண்டாட்டி பழக்கி வச்சிருக்கா" என்பாய். அம்மா ஒரு நாளும் "வைங்க தம்பி, நான் கழுவிக்கிறேன்" என்று சொன்னதில்லை. அது அப்போது என் காதில் விழாமலே போனது.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அடுத்த வாரம், மனசு கேட்காமல், அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்டேன். அம்மா சட்டென்று, "அதுல வேணாண்டா" என்றார்.

"ஏம்மா?"

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார். "அவங்க சாதி வேறல்ல. நாம பொழங்குற சாமானோட கலக்கக் கூடாதுன்னு ஒங்கப்பா சொல்லிட்டாரு. எனக்கு மனசு வரல. ஆசையா வர்ற புள்ள. அதான் இருக்கிறதுலயே நல்ல கோப்பையா பாத்து எடுத்து வச்சேன்."

அப்பா செத்துப் பல வருஷம். அதற்குப் பிறகும் கோப்பை மாறவில்லை. உன் சாவுக்கு அழுத அம்மாவும் இதே அம்மாதான். கோபப்படவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியாது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

முப்பதாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவியிடம் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். அவர் பச்சைக் கரை போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"இது ஒங்க கோப்ப அண்ணே. நீங்க வந்தா இதுலதான் குடுக்கணும்பாரு. புள்ளைங்களக்கூட தொட விடமாட்டாரு."

நான் வந்த போதெல்லாம் அதில்தான் குடித்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

"ஏன்னு சொன்னானா?"

"கேட்டேன். 'அவன் வீட்டுல எனக்குன்னு ஒன்னு இருக்கில்ல'ன்னு சிரிச்சாரு. வேற ஒன்னும் சொல்லல."

மன்னிப்புக் கேட்காமலே தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். என்ன சிரிப்பு அது? பாசமாக வைத்திருக்கிறார்கள் என்று நம்பி, பதிலுக்கு நீயும் வைத்தாயா? எல்லாம் தெரிந்துதான், என்றைக்காவது நான் கவனிப்பேன் என்று வைத்தாயா? தெரிந்திருந்தால் ஏனடா ஞாயிறு தவறாமல் வந்தாய்?

புறப்படும்போது உன் மனைவி அந்தக் கோப்பையைப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார். இப்போது இரண்டும் எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் இருக்கின்றன. உன்னுடையதில் நான் குடிக்கிறேன். நான் குடித்து முடித்ததும் அம்மாவே வாங்கிப் போய்க் கழுவி வைக்கிறார்.

அந்தப் பழைய கொப்பியை எடுத்து, நாளைய வகுப்புக்காக ஒரு புதுப் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். என் பக்கம் எழுதி முடித்தாகிவிட்டது: கோப்பை, இரண்டு. உன் பக்கத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அதைக் காலியாகத்தான் கொண்டு போகிறேன்.