கண்ணாடிக்கு அடியில் ரொட்டி

பிப்ரவரி 9
இன்றும் ரொட்டி. எங்கள் படகின் அடிப்பக்கம் கண்ணாடி. அதன் கீழே மீன்கள் கூட்டமாக வர வேண்டும் என்று அண்ணன் கை நிறைய அள்ளி வீசுகிறான். சுற்றுலாப் பயணிகள் கைதட்டுகிறார்கள். பவளப்பாறையை மூடிச் சாகடிக்கும் பாசியைச் சுரண்டித் தின்பதுதான் கிளிமீனின் பிழைப்பு. பச்சையும் ஊதாவுமாக மினுக்கிக்கொண்டு அது ரொட்டிக்கு வாய் பிளந்து நின்றால் பாசியை யார் தின்பது? நானா?

பிப்ரவரி 10
கேட்டேன். "பாறை அது பாட்டுக்கு இருக்கும். மீன் வரலைன்னா ஆளு வராது" என்றான். படகு இருவருக்கும் பாதிப் பாதி. பேச்சு மட்டும் முழுதும் அவனுக்கு.

மார்ச் 2
நீருக்குள் பார்க்கும் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். படகு நிற்கும் இடத்தில் பாறை முழுக்கப் பழுப்புப் பாசி, மயிர் முளைத்த மாதிரி. சற்றுத் தள்ளி, ரொட்டி விழாத இடத்தில், கிளிமீன்கள் அலகால் கடிக்கும் சத்தம் நீருக்குள் கேட்கிறது. கறுக், கறுக். அங்கே பாறை சுத்தம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 3
பயணிகள் முன்னால் ரொட்டிப் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.
"எந்திரி."
"மாட்டேன்."
"மானத்தை வாங்காதடி."
"வாங்கத்தான் போறேன்."
கரைக்கு வந்ததும், இனிமேல் படகில் ஏறாதே என்றான். எனக்குப் பயமில்லை, கோபம். அழுதேனா? ஆமா, அழுதேன். அதுக்காக நான் சொன்னது பொய்யாயிடுமா?

மார்ச் 4
அவனுக்கு முன்பே போய்ப் படகில் உட்கார்ந்துவிட்டேன். என் பாதியில் ரொட்டி போடக் கூடாது என்றேன். அவன் பாதியிலிருந்து வீசினான். மீன்களுக்குப் பாகப்பிரிவினை புரியவில்லை.

மார்ச் 19
பேச்சுவார்த்தை இல்லை. அண்ணிதான் நடுவில் தூது. "ரெண்டு பேருக்கும் ஒரே கொழுப்பு" என்கிறாள். இருக்கட்டும் — என் கொழுப்பு குறையாது.

ஏப்ரல் 6
பயணி அம்மா ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "அடியில ஏன் எல்லாம் அழுகின மாதிரி இருக்கு?" என்று அண்ணனைக் கேட்டார். எல்லோரும் இறங்கிப் போன பிறகு, படகைப் பாறைக்குத் திருப்பி ஓட்டி, முகமூடியை அவன் மடியில் போட்டேன். முறைத்தான். பிறகு குதித்தான். வெகுநேரம் கழித்துப் படகில் ஏறித் தலை துவட்டிக்கொண்டான்.

ஏப்ரல் 7
ரொட்டிப் பை வரவில்லை.

ஜூன் 21
மீன்கள் கண்ணாடிக்கு வருவதில்லை. பல நாள் இருக்கைகள் காலி. பழுப்பும் முழுதாகப் போகவில்லை. ஓரத்தில் மட்டும் கையகலத்துக்குச் சுரண்டின தடம். இன்று ஒருவர், "மீனைக் கூப்பிடுங்க. ரொட்டி கிட்டி இல்லையா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் இன்ஜினை அணைத்தான்.
"அதுங்க வேலையில இருக்குங்க. நாமதான் போய்ப் பார்க்கணும்" என்று முகமூடியை நீட்டினான்.