பின்னால் ஆளில்லாத சைக்கிள்

கிரெம்ஸ், ஆஸ்திரியா
15.6.2003

அன்புள்ள பரிமளாவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

இங்கே டான்யூப் ஆற்றை ஒட்டியே பல நாள் போகும் சைக்கிள் பாதை இருக்கிறது. வழியெல்லாம் மலையும் திராட்சைத் தோட்டமும். லீவு நாளில் இரவல் சைக்கிளில் கிளம்பினேன். நீ கேரியரில் இருக்கும் பழக்கத்தில் காலை முன்பக்கமாகத் தூக்கிப் போட்டேன்; பாரில் தட்டி விழுந்தேன். வெறும் சிராய்ப்புதான்.

ஹோட்டல் சமையலறையில் என்கூட வேலை செய்யும் ஜெயங்கொண்டத்து வீரமுத்து அண்ணன் சிரித்தார். “பின்னாடிதான் யாருமே இல்லியேப்பா, ஏன் முன்னாடி ஏறுற?”

நம் சைக்கிள் கேரியரில் விறகு ஏற்றாதே. கம்பி வளைந்தால் உனக்குக் குத்தும்.

வெங்காயம் நறுக்கக் கூப்பிடுகிறார்கள். மேட்டில்கூட மிதிக்க லேசாகத்தான் இருந்தது, பரிமளா. அதுதான் பிடிக்கவில்லை.

உன்
மணிவேல்