செல்வம் பார்த்த கரூர்

ஞாயிறு, ஈப்போ

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பக்கத்து ஊரான செமோரில் துணிக்கடை வைத்திருக்கும் செல்வம், போர்வை வாங்கக் கரூருக்குப் போய்வந்தான். இன்று கோயில் மண்டபத்தில் அவனை மேடையேற்றி அந்த ஊரின் வரலாற்றைப் பேசவைத்தார்கள். சேரர் காலத்திலிருந்து விசைத்தறி வரை படித்து வைத்திருக்கும் என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஊரை ஒட்டி ஓடுவது காவிரியாம்! அமராவதி என்று அந்த மடையனுக்குத் தெரியவில்லை. முதலில் கைதட்டியது என் மனைவி.

காரில் அவளிடம், “ஆத்தையே மாத்திச் சொல்றான்” என்றேன்.

“செல்வம் அண்ணே நேர்ல பார்த்துட்டு வந்து சொல்றாருலா. நீங்க எப்பப் போனீங்க?”

கார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

கோயிலின் பேஸ்புக் குழுவில் அவன் பிழையை எழுதப்போகிறேன். என் பெயரைப் போட்டால் எல்லாரும் அவள் கேட்டதையே கேட்பார்கள். பெயரில்லாமலே போடுகிறேன்.