ஏழாம் நம்பர் அத்தைக்கு

அத்தைங்,

இன்று காலை உங்க கதவு நிலையை ஒரு பொண்ணு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது. வீட்டுக் கணக்கு எடுக்க வந்த பொண்ணு. ஸ்டிக்கர் ஒட்ட இடம் சுத்தம் செய்தது. சுண்ணாம்போடு சேர்ந்து சிவப்பாய் ஒரு துணுக்கு உதிர்ந்து என் கால் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். உங்க அம்பு.

பனியன் கம்பெனியில் நீங்க செக்கிங். பீசில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவீங்க. ஒட்டி ஒட்டிக் கை பழகி, வீட்டுக்கு வந்தும் நிறுத்த முடியாது. சுவரில் விரிசலா, ஒரு அம்பு. ஓட்டுக்கு அடியில் ஒழுகுதா, நாற்காலி போட்டு ஏறி ஒரு அம்பு. எங்க அப்பா வாடகை கேட்க வந்து திரும்பிப் போகும்போது சட்டை முதுகில் ஒரு அம்பு. அதை ஒட்டியது நான். ஸ்டிக்கர் உபயம் நீங்க.

நீங்க போய் இத்தனை நாள் கழித்தும் அவை ஒவ்வொன்றாய் வருகின்றன. போன மாதம் என் டிபன் பாக்ஸ் மூடிக்கு உள்ளே ஒன்று. அதற்கு முன் காலண்டருக்குப் பின்னால் ஒன்று. நீங்க ஒட்டினதா, நான் ஒட்டி மறந்ததா, தெரியவில்லை. விளையாட்டுக்கு ஒட்டினதெல்லாம் இப்போது யாரோ என்னை விரல் நீட்டிக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

வந்த புதிதில் என்னை நீங்க 'ஓனர் பாப்பா' என்றுதான் கூப்பிடுவீங்க. எங்க லைன் வீட்டில் பத்து ரூம், வரிசையாய். பத்துக்கும் சேர்த்து ஒரே கதவு எண். ஒரே எண் என்றால் ஒரே வீட்டு வரி. ஊரில் லைன் வீடு வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான். அது தப்பு என்று யாருக்கும் தோன்றியதே இல்லை, எனக்கும்தான்.

அந்த வருஷம்தான் பேரூராட்சியிலிருந்து சேதி வந்தது. திருப்பூரைச் சுற்றி ஆள் பெருகிவிட்டது, வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு போதவில்லை, ஒவ்வொரு சிற்றூரும் இத்தனை வீடு கட்டியாக வேண்டும் என்று மேலிருந்து பங்கு பிரிக்கப்போகிறார்கள். சொந்த வீடு இல்லாத குடும்பம் எத்தனை என்று எண்ணி, அதை வைத்து ஊருக்குப் பங்கு. நீங்க அன்றைக்குக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் சொன்னீங்க: "பாப்பா, எம் பேர்ல ஒரு கதவு நம்பரு. அம்புட்டுத்தான் வேணும். பெறவு அந்தக் கதவ நான் தெறந்தே கூடப் போட்டுருவேன்."

நான் சிரித்தேன். கதவு கேட்டு வாங்கித் திறந்து போடுவதற்கு ஜன்னலே வாங்கலாமே என்றேன். பெரிய பேச்சு பேசிவிட்டதாய் நினைப்பு.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள் அப்பா எல்லாரையும் வாசலில் நிற்க வைத்துச் சொன்னார். "நாளைக்கு ஆளு வருவாங்க. எல்லாம் ஒரே குடும்பம்னு சொல்லோணும். பத்துன்னு எழுதுனா பத்து வரி. அப்புறம் வாடகைய ஏத்தாம நான் என்ன பண்றதுங்க?" வடக்கத்திப் பசங்க ரெண்டு பேரை மட்டும் ஷிப்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். எந்த உறவைச் சொன்னாலும் அவர்களுக்குப் பொருந்தாது.

மிச்சப் பேருக்கு உறவு பிரித்துக் கொடுத்தது நான். என் வாழ்க்கையிலேயே பெரிய சேட்டைக்கு அனுமதி கிடைத்த நாள் அது. ஒண்ணாம் நம்பர் அண்ணன் பெரியப்பா மகன். மூணாம் நம்பர் அக்கா சின்னம்மா. ஒத்தைப் பிள்ளையாய்ப் பிறந்த எங்க அப்பாவுக்கு ஒரே சாயங்காலத்தில் வீடு நிறையக் கூடப்பிறந்தவர்கள். உங்களுக்கு எது என்று யோசித்து, கடைசியில் அத்தை என்றேன். "நமக்கு நடிக்க வராது பாப்பா" என்றீங்க. "சும்மா நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன்.

வந்தவர் வயதான மனிதர், கையில் அட்டை, சட்டைப்பையில் ரெண்டு பேனா. அப்பா காபி கொடுத்தார். "ஒரே குடும்பந்தானுங்க, அண்ணந்தம்பி அக்கா தங்கச்சி எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கறோம்." அவர் எழுதிக்கொண்டே வந்து ஏழாம் கதவில் நின்றார்.

"நீங்க யாரும்மா?"

நீங்க அப்பாவைப் பார்த்தீங்க. பிறகு அவரைப் பார்த்தீங்க. "நான் இவியளுக்கு... வாட..."

"எங்க அத்தைங் சார்!" என்று நான் குதித்தேன். "அப்பாகூடப் பொறந்தவங்க."

"பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இல்லையே கண்ணு?"

"கட்டிக் குடுத்தது தெக்கயுங்க. இருவது வருசம் அங்க இருந்து நாக்கு அந்தப் பக்கமே மடிஞ்சிருச்சு. மாமன் போனதும் கூட்டியாந்துட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். அப்பா சிரித்தார். மொத்த லைனும் சிரித்தது. அட்டையில் ஒரே ஒரு குடும்பம் ஏறியது. நீங்களும் சிரித்தீங்க என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன். உங்க வாய் மட்டும் பாதி திறந்தபடியே நிற்கிறது. நடிக்கத் தெரியாமல் திக்குகிறீங்க என்று நினைத்தேனே, அது திக்கல் இல்லை. வாடகைக்கு இருக்கிறேன் என்று சொல்லத் துணிந்துவிட்டீங்க. முதல் ரெண்டு எழுத்து வெளியே வந்துவிட்டது. மிச்சத்தை நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததை என்ன செய்ய? மறுநாளே 'ஓனர் பாப்பா' போய்விட்டது. "ஏட்டி மருமவளே" என்று ஏழாம் கதவிலிருந்து சத்தம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புளிச்சாதம், திட்டு, தலையில் கொட்டு, நெற்றியில் ஒரு அம்பு. "என்ன மூஞ்சி ரிஜக்டா?" என்று கேட்டால், "அம்பு ஒட்டுனா ரிஜக்ட்டுன்னு இல்லட்டி. ஆல்டருக்குப் போவணும்னு அர்த்தம். தச்சா சரியாப்போவும்" என்பீங்க. பொய்யாய்ச் சொன்ன உறவு நிஜமாகவே வேர் பிடித்துவிட்டது. எனக்கு அது கொண்டாட்டமாய் இருந்தது. உங்களுக்கு அதனால் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த வருஷம் பேரூராட்சி ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். எங்க ஊருக்கு வந்த பங்கு ஒரே ஒரு கட்டடம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். பக்கத்து ஊருக்கு வரிசையாய்க் கட்டடங்கள். ஊரில் எல்லா லைன் வீட்டுக்காரரும் எங்க அப்பா மாதிரியே சொல்லியிருந்தார்கள். காகிதத்தில் எங்க ஊர் கூட்டுக்குடும்பங்கள் குலுங்கும் ஊர், வீடில்லாதவர் தேடினாலும் கிடைக்காத ஊர். நீங்க தனியாய் எழுதிக் கொடுத்திருந்த மனுவுக்கும் பதில் இருந்தது. சத்தமாய் வாசிக்கச் சொன்னீங்க. வாசித்தேன்: 'சகோதரரின் சொந்த வீட்டில் வசிப்பவர். தகுதி இல்லை.'

நீங்க அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றீங்க. "எழுத்துலயே மருமவளாயிட்ட, போ" என்றீங்க. திட்டவில்லை. வரும் வழியில் எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தீங்க, உங்களுக்கு வேண்டாம் என்றீங்க. அன்றைக்குச் சாயங்காலம் என் நெற்றியில் அம்பு ஒட்டவில்லை. நானே கேட்டேன். "தீந்துபோச்சுட்டி" என்றீங்க. ஸ்டிக்கர் ரோல் உங்க மடியில்தான் இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. நீங்க அம்பு ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒழுகியது. லைனுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது. உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள். நாலாம் நாள் உங்க ஊர்க்காரர்கள் ஒரு வேனில் வந்து கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனார்கள் என்றா சொல்வது? எனக்கு வேறு சொல் வரவில்லை.

அப்பா ஏழாம் ரூமில் கண்ணில் பட்ட அம்புகளையெல்லாம் உரித்துச் சுண்ணாம்பு அடித்தார். மறு மழையில் ஈரம் சரியாய் அதே இடங்களில் பூத்தது. அம்பு இல்லை, அம்பு காட்டிய இடம் மட்டும் இருக்கிறது. குடி வந்தவர்கள் யாரும் ஒரு மழைக்கு மேல் தங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விளக்கு எரியும் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று என் கண் தானாகத் தேடுகிறது.

இன்றைக்கு மறுபடியும் பங்கு பிரிக்கிறார்களாம். மறுபடியும் கணக்கு. அந்தப் பொண்ணு போனைத் தட்டிக்கொண்டே கேட்டது, "எத்தனை குடும்பமுங்க?"

"ஒண்ணுதானுங்க" என்றார் அப்பா.

"பத்து ரூமுங்க" என்றேன் நான். "ஒம்பது குடும்பம். எல்லாரும் வாடகைக்கு இருக்கறவங்க."

"அம்மிணி, நீ உள்ள போ."

போகவில்லை. மூணாம் நம்பர் அக்கா கதவிடுக்கில் நின்று என்னையே பார்த்தது. அந்தப் பொண்ணு அப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மெதுவாய் ஒவ்வொரு கதவாய்த் தட்டி ஒவ்வொரு ஸ்டிக்கராய் ஒட்டியது. ஏழாம் கதவில் பூட்டு.

"இங்க யாருங்க?"

"ஒருத்தங்க இருந்தாங்க. இறந்துட்டாங்க."

"உங்களுக்கு என்ன உறவு?"

அப்பா என்னையே பார்த்தார். இப்போதாவது 'அத்தைங்க' என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார். சொல்லியிருந்தால் பழைய கதை உயிர் பிழைத்திருக்கும், நானும் நிம்மதியாய் அழுதிருப்பேன். உங்க வாய் பாதி திறந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "வாடகைக்கு இருந்தவங்க."

உங்க வாக்கியத்தை முடித்துவிட்டேன். முடிக்க வேண்டியது நீங்க, அதுவும் அன்றைக்கு.

அப்பா மத்தியானம் சாப்பிட வரவில்லை. மூணாம் நம்பர் அக்கா மட்டும் வந்து, "பாப்பா, எங்களுக்கு வீடு வந்துருமா?" என்று கேட்டது. தெரியவில்லை என்றேன்.

காலில் ஒட்டிய அம்பை எடுத்து வைத்திருக்கிறேன். பசை இன்னும் சாகவில்லை. இதே தாளில், மேலே 'ஒண்ணுமில்லீங்க' என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தைக் காட்டி ஒட்டிவிட்டேன்.

ஆல்டருக்குத்தானுங்க, அத்தை.