மூடிக்கொண்ட கோடு

மார்ச் 4
சுட வேண்டிய ஜாடியை எடுத்துப்போக வந்தாள் கார்னெட், காலஞ்சென்ற என் கணவரின் தங்கை. ஜாடியின் கழுத்தடியில் நான் தீட்டிய கோட்டைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அண்ணி, வாசல் எங்க? சுத்தி மூடிட்டீங்களே!"

நானா? ஐம்பது வருடமாக அந்தக் கோட்டில் விரல் அகலம் இடைவெளி விடாமல் ஒரு பானையும் என் வீட்டைத் தாண்டியதில்லை. கோட்டை மூடுகிறவளுக்குக் கண்ணும் மூடும் என்பாள் அம்மா. கன்னியர் மடத்தில் படித்த நான் இதையெல்லாம் நம்பலாமா? நம்பாமலேதான் ஐம்பது வருடம் விட்டிருக்கிறேன்.

"உள்ள மாட்டிக்கிட்டீங்க. சாப்பாட்டை எந்த வழியா நீட்டறது?"

மை வழிந்துவிட்டது என்றேன்.

மார்ச் 5
சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று இடத்தில் வாசல் விட்டேன்.

"இதென்ன அண்ணி, சந்தையா? இத்தனை வாசல்!"

மார்ச் 9
ஜன்னலில் அழுக்கு. இரண்டு முறை துடைத்தும் போகவில்லை.

மார்ச் 10
அழுக்கு கண்ணுலதான் இருக்கு. போதுமா? எழுதிட்டேன். பானையில வரையற பறவைச் சிறகுக்கு இருபது கோடு, எண்ணாமலே போடுவேன். அதுவும் போயிட்டா அப்புறம் நான் யாரு?
கார்னெட்டிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் இந்த மேசா மேட்டு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன்.

மார்ச் 11
சொல்லிவிட்டேன்.
"செருப்பைப் போடுங்க, வண்டியை எடுக்கறேன்" என்றாள். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 2
கண்புரையாம். இடது கண்ணுக்கு அறுவை முடிந்தது. கட்டைப் பிரித்ததும் டாக்டரின் சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருப்பது தெரிந்தது. சொன்னேன்.

ஏப்ரல் 6
சென்ற ஆண்டுப் பானைகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். எல்லாவற்றிலும் வாசல் இருக்கிறது. ஆனால் ஓரங்களில் சுரண்டிய தடம் — சுடுவதற்கு முன் கத்தி முனையால் திறந்திருக்கிறார்கள். என் வேலை இல்லை. ஆட்டு எரு அடுக்கி என் பானைகளைச் சுடுகிறவள் ஒருத்திதான்.

நேரே போய்க் கேட்டேன்.

"பதினோரு பானை அண்ணி! விரலே தேஞ்சுபோச்சு. அதான் பன்னண்டாவதுக்கு வாயைத் தொறந்தேன்" என்றாள். பேச்சை மாற்றத் தன் புதுக் கிண்ணத்தை நீட்டினாள். "இதைப் பாருங்க, எப்படி இருக்கு?"

சிறகுகள் அத்தனையும் கோணல். இப்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

"நேரா இருக்குடி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யைச் சொல்லப்போவதில்லை.